பெலிக்கன் அறுபதும் புகாரில்லாப் பெருவாழ்வும்

பெலிக்கன் என்னும் இணைய உலாவியின் அறுபதாம் பதிப்பு மக்கள் கைக்குப் போவதற்கு முப்பது நாள் முன்பு, அதைத் தயாரித்த நிறுவனத்தில் வழக்கம்போல் 'நம் சமையல் மாதம்' தொடங்கியது. சமைத்தவர்களே முதலில் உண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் தத்துவம். அந்த முப்பது நாளும் சன்னிவேல் வளாகத்தின் நாலாயிரம் ஊழியரும் வெளிவராத அந்தப் பதிப்பில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். வேறு உலாவியைத் திறந்தால் திரையில் ஒரு பறவை தோன்றித் தலையை இடவலமாக ஆட்டும். மூன்று முறை ஆட்டிவிட்டால் மேலாளருக்குத் தகவல் போகும்.

அறுபதாம் பதிப்பின் சிறப்பு ஒன்றே ஒன்றுதான். திரையின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்தில் இளநீல நிறப் பட்டை ஒன்று சதா மெல்ல வெளுத்து மெல்லக் கருத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவரின் மூச்சு அதனோடு இசைந்து மனம் சாந்தமடையும் என்பது துணைத் தலைவர் ப்ரெண்டன் ஆஷ்க்ராஃப்டின் கண்டுபிடிப்பு. அதற்கு 'அமைதிப் பட்டை' என்று பெயர் சூட்ட ஒரு குழு ஏழு மாதம் உழைத்தது. அக்காலத்தில் குழுவின் உறுப்பினர் இருவருக்கு மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டாக வேலை பார்த்துவந்த டெல்ஃபின் ப்ரூயிட்டுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன்பு நெப்ராஸ்காவில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். போட்டது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் கெட்ட பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் சக ஊழியர்கள் உலகப் புகழ்பெற்ற தளங்களைத் திறந்து பார்த்துத் திருப்தியடைவார்கள். டெல்ஃபினோ யாரும் சீந்தாத பக்கங்களைத் திறப்பார்: நாய் வளர்க்க அனுமதி கோரும் பக்கம், கல்லறையில் இடம் கேட்கும் பக்கம், பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்குப் பெயர் கொடுக்கும் பக்கம். முதல் நாள் காலையில் அவர் திறந்தது தமக்கு மனப்பாடமான ஒரு பக்கத்தை.

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் அவருடைய அண்ணன் வெர்னுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் அறுபது மைல் தள்ளியுள்ள மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். கார் ஓட்ட அவருக்குக் கண் போதாது. மாவட்ட நிர்வாகம் ஒரு வண்டி அனுப்பும். மறு வாரத்து வண்டிக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை நான்கு மணிக்குள் நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வண்டி இல்லை. மருத்துவமனை இரவல் தந்த மடிக்கணினியில் பெலிக்கனைத் தவிர வேறு உலாவி கிடையாது, நிறுவவும் முடியாது.

அந்தப் பக்கம் பன்னிரண்டு ஆண்டுப் பழசு. திரையளவுக்குச் செய்யப்பட்டது, மேலும் நகராது, கீழும் நகராது. அதன் அடிவிளிம்பில் 'அனுப்பு' என்ற பொத்தான் இருக்கும். டெல்ஃபின் பார்த்தபோது அது இருந்த இடத்தில் அமைதிப் பட்டை அமைதியாக வெளுத்துக் கருத்துக்கொண்டிருந்தது.

அவர் பட்டையின் மேல் அழுத்தினார். பட்டை ஒரு கணம் கூடுதலாக வெளுத்தது. விசைப்பலகையால் தாவிப் பார்த்தார். தாவல் ஒவ்வொன்றும் பட்டையில் போய்த்தான் நின்றது. எழுத்தைச் சிறிதாக்கினார்; பொத்தானும் சிறிதாகிப் பட்டைக்கடியில் இன்னும் வசதியாக ஒடுங்கிக்கொண்டது. பட்டையையே நீக்கிவிடலாம் என்று அமைப்புப் பக்கத்துக்குப் போனார். 'பட்டை வேண்டாம்' என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. தேர்ந்ததைச் சேமிக்கும் பொத்தான் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது.

பிழை கண்டவர் செய்ய வேண்டியதென்ன என்பதில் நிறுவனத்துக்குத் தெளிவான நெறிமுறை உண்டு. உள் தளத்தில் புகார்ப் பக்கத்தைத் திறந்து பதினேழு கேள்விக்கு விடையளித்து அனுப்ப வேண்டும். டெல்ஃபின் பதினேழுக்கும் விடையளித்தார். 'இந்தப் பிழை உங்களுக்குள் எழுப்பிய உணர்வு யாது' என்ற பதினான்காம் கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அனுப்பப் போனார். நிறுவனத்தின் உள் பக்கங்கள் எல்லாமே வெர்னின் வண்டிப் பக்கத்தைவிடப் பழையவை. பழையதைச் செப்பனிட்டவர் பதவி உயர்வு பெற்றதாக அங்கே வரலாறு இல்லை. புகார்ப் பக்கத்தின் அடியிலும் இளநீலம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து வெளியீட்டு மேலாளர் மரிபெத் கோலிடம் போனார். மரிபெத்தின் மேசைக்கடியில் ஓடும் நடைப்பயிற்சிப் பட்டை ஒன்று உண்டு. அவர் நாள் முழுதும் அதன்மேல் நடந்தபடியே வேலை பார்ப்பார். மாலையில் எட்டு மைல் நடந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்குவார்.

"மரிபெத், ஒரு நிமிஷம். பழைய பக்கங்கள்ல அடியில இருக்கிற பட்டனை இந்தப் பட்டை மூடிடுது."

"பக் நம்பர் சொல்லுங்க, புகார் அனுப்பினா வருமே."

"நம்பர் இல்ல. புகார்ப் பக்கத்துலயும் அனுப்புற பட்டன் அடியிலதான் இருக்கு. அதையும் மூடிடுச்சு."

"நம்பர் இல்லன்னா நீங்க சொல்றது பக் இல்ல டெல்ஃபின், அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு வெள்ளிக்கிழமை தனி மீட்டிங் இருக்கு."

"நீங்களே ஒரு தடவ திறந்து பாருங்களேன்."

"எனக்குப் புகார் ஒண்ணும் இல்லையே. நான் எதுக்குத் திறக்கணும்?" மரிபெத் நடையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

டெல்ஃபினிடம் இன்னொரு வழி இருந்தது. புதியதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சோதனைப் பிரிவினர் சிலர் முந்தைய பதிப்பு உள்ள பழைய மடிக்கணினி ஒன்றை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். அதை எடுத்தார். ஐம்பத்தொன்பதாம் பெலிக்கனில் புகார்ப் பக்கம் பொத்தானோடு ஒளிர்ந்தது. அனுப்பினார். நான்கு வினாடியில் பதில் வந்தது.

'தாங்கள் பயன்படுத்துவது பழைய பதிப்பு. தங்களுடைய சிக்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அறுபதாம் பதிப்புக்கு மாறிய பின்னும் சிக்கல் தொடர்ந்தால் மறுபடி புகார் செய்யவும். இப்புகார் கணக்கில் சேராமல் இனிதே முடித்துவைக்கப்பட்டது.'

இருபத்தொன்பதாம் நாள் ஒப்புதல் கூட்டம். பதிப்பு வெளியேறலாமா கூடாதா என்று நாற்பது பேர் கூடி முடிவெடுக்கும் அந்தக் கூட்டத்தில், கூடாது என்று இதுவரை ஒருமுறையும் முடிவானதில்லை. சுவரளவு திரையில் அமைதிப் பட்டையை ஓடவிட்டு எல்லாரும் இரண்டு நிமிடம் மூச்சு விட்டார்கள். பிறகு மரிபெத் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஐம்பத்தொன்பதாம் பதிப்பின் சமையல் மாதத்தில் வந்த புகார்கள்: மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அறுபதாம் பதிப்பில்: பூஜ்யம்.

அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் இந்த மாதம் புகார் எழுதி, பொத்தானைத் தேடி, காணாமல், தம் கணினிதான் சரியில்லை என்று பக்கத்தை மூடினார்களோ தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள். மார்பில் பெரிய பூஜ்யம் அச்சிட்ட சட்டைகள் விநியோகிக்கப்பட்டன.

ஆஷ்க்ராஃப்ட் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். முக்கியமான உரைகளை அவர் வெறுங்காலோடுதான் ஆற்றுவது.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப ஜனங்க ஓயாம கொறை சொல்லிட்டே இருந்தாங்க. நம்மாளுங்க அதை ஒக்காந்து சரி பண்ணிட்டே இருந்தாங்க. சரி பண்ணப் பண்ண இன்னும் சொன்னாங்க. நான் கேட்டேன்: எத்தனை நாளைக்கு நோயைப் பாத்துட்டே இருக்கப்போறோம், நோயாளி மனசப் பாக்க வேணாமா? மனசு அமைதியா இருக்கிறவன் புகார் பண்ண மாட்டான். நான் ஒரு பிழையையும் திருத்தல. அதை நான் பெருமையாவே சொல்லிக்கிறேன். ஒரு பட்டை வச்சேன். பூஜ்யம்."

டெல்ஃபின் கையை உயர்த்தினார். பூஜ்யச் சட்டைகளுக்கு நடுவே அந்தக் கை நெடுநேரம் நின்றது.

"சொல்லுங்க, டெல்ஃபின்."

"புகார்ப் பக்கத்துல அனுப்புற பட்டனையே பட்டை மூடியிருக்கு, ப்ரெண்டன். அதனாலதான் பூஜ்யம்."

ஆஷ்க்ராஃப்ட் கனிவோடு சிரித்தார். "அப்படின்னா பட்டனைக் காணோம்னு ஒருத்தராவது புகார் பண்ணியிருக்கணுமே. நாலாயிரம் பேர்ல ஒருத்தர்கூடப் பண்ணல. ஏன்?"

நாற்பது தலைகள் ஆமோதித்து அசைந்தன. வாதத்தின் வடிவம் அவ்வளவு முழுமையாக இருந்ததால் டெல்ஃபினுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவர் தர்க்கத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னார்.

"எங்கண்ணனுக்கு வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். வண்டிக்குப் பேர் குடுக்கிற பக்கத்துல அந்த பட்டன் மறைஞ்சுபோச்சு. நாளைக்கு நீங்க இதை வெளிய விட்டா, நாளன்னிக்கு அவரால பேர் குடுக்க முடியாது."

ஆஷ்க்ராஃப்ட் வலது கையை நெஞ்சில் வைத்தார். "இதை எங்ககூடப் பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. சுலபமில்ல. அண்ணன் பேர் என்ன?"

"வெர்ன்."

"வெர்னுக்காக எல்லாரும் ஒரு மூச்சு எடுப்போம்."

எடுத்தார்கள். விட்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. ஒவ்வொருவரும் தம் மடிக்கணினியில் வாக்குப் பக்கத்தைத் திறந்தார்கள். 'சம்மதம்' என்ற பொத்தான் பக்கத்தின் மேலே இருந்தது. 'ஆட்சேபம்' கீழே. ஒரு மனதாக நிறைவேறியது. அழுத்தாமல் இருந்த ஒரே ஒரு கணினியின் மௌனம், நெறிமுறையின்படி, சம்மதமாகவே கொள்ளப்பட்டது.

மறுநாள் செவ்வாய், காலை பத்து மணிக்கு வெளியீட்டு விழா. பெலிக்கன் வடிவத்தில் ஆளுயரக் கேக், ஒரு வெண்கலச் சேகண்டி, அதை அடிக்கத் தனியாக அமர்த்தப்பட்ட ஒருவர். பத்தாவது அடி விழுந்ததும் ஆஷ்க்ராஃப்ட் மேடைமேல் இருந்த கணினியில் வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு அறுபதாம் பதிப்பு தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். சேகண்டி பத்து முறை ஒலித்தது. ஆஷ்க்ராஃப்ட் பக்கத்தைத் திறந்தார். திரையில் மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"பட்டன் எங்க?"

சேகண்டிக்காரர் தமக்கு ஏதோ சைகை என்று எண்ணிப் பதினோராவது முறை அடித்தார்.

மரிபெத் மேடையேறி உற்றுப் பார்த்தார். நடக்காமல் நிற்கும் மரிபெத்தைப் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள். "பட்டைக்குக் கீழ இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். ஒலிவாங்கி அதை உயர்ந்த குரலாக்கியது.

கடைசி வரிசையில் நின்ற டெல்ஃபினுக்கு ஒரு மாதத்தில் முதன்முறையாக நம்பிக்கை வந்தது. கண்ணால் கண்டுவிட்டார்கள். இனிமேல் எண் கேட்க மாட்டார்கள்.

மேடையில் அவசரக் கூட்டம் நடந்தது. பொறியாளர் ஒருவர் கேக்கைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஆறே நிமிடத்தில் வேலை முடிந்தது: வெளியீட்டுப் பக்கத்தின் பொத்தானைத் தூக்கிப் பக்கத்தின் உச்சியில் வைத்துவிட்டார்கள். ஆஷ்க்ராஃப்ட் அதை அழுத்தினார். பெலிக்கன் அறுபது பறந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அவர் ஒலிவாங்கியில். "பயனாளர் ஒருத்தருக்கு ஒரு சின்ன அசௌகரியம். ஆறே நிமிஷம். சரி பண்ணிட்டோம். அந்தப் பயனாளர் நானா இருந்தது தற்செயல்."

கேக் வெட்டிய பிறகு டெல்ஃபின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். "மத்தவங்க பக்கமெல்லாம், ப்ரெண்டன்?"

ஆஷ்க்ராஃப்ட் பெலிக்கனின் அலகைத் தின்றுகொண்டிருந்தார். "அவங்களும் பட்டனை மேல வச்சுக்கட்டும். ஆறு நிமிஷ வேலதான, நீங்களே பாத்தீங்கல்ல? இதைக்கூடப் பண்ணாத ஆளுங்களுக்காக நாம அமைதிய விட்டுக்கொடுக்கணுமா?"

புதன்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு வெர்ன் தொலைபேசியில் அழைத்தார்.

"டெல், என் கம்ப்யூட்டர் மூச்சு விடுது."

"தெரியும்."

"தெரியுமா? உங்க ஆளுங்க வேலையா? நேத்து ராத்திரி தானா மாறிக்கிச்சு. அனுப்புற பட்டனக் காணோம். கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு மூணு தடவ கண்ணாடியத் தொடச்சுப் பாத்தேன்."

"ஆபீசுக்கு போன் பண்ணிப் பாத்தியா?"

"பண்ணாம? ஒரு பொம்பள கொரல் இணையப் பக்கத்துல பதிவு பண்ணுங்கன்னுச்சு. பட்டன் இல்லம்மான்னேன். தொடர ஒன்றை அழுத்துங்கன்னுச்சு. உன் கம்பெனிக்காரி போலருக்கு." வெர்ன் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழம போகலன்னா புதன்கிழமைக்குள்ள கால் வீங்கிடும், டெல். போன தடவ பனியில வண்டி வராதப்பப் பாத்தல்ல."

டெல்ஃபின் இழுப்பறையைத் திறந்து பழைய மடிக்கணினியை எடுத்தார். வண்டிப் பக்கத்தைத் திறந்தார். வெர்ன் ப்ரூயிட்; திங்கள், புதன், வெள்ளி; காலை ஆறே கால். 'அனுப்பு' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில், அழகேதும் இல்லாமல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அழுத்தினார். பதிவாயிற்று.

"ஆச்சு" என்றார்.

"எப்படிப் பண்ண?"

"பழைய பெலிக்கன் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன்."

"அப்படின்னா ஹில்டாவுக்கும் போடேன். பக்கத்து நாற்காலில ஒக்காருவா. பாவம், காலைலேர்ந்து கம்ப்யூட்டரத் திட்டிட்டு இருக்கா. திட்டறதையும் அது மூச்சு விட்டுட்டே கேக்குதாம்."

ஹில்டாவுக்கும் போட்டார். அடுத்த புதன்கிழமை நால்வர். அதற்கடுத்ததில் பதினொருவர். வெர்ன் மருத்துவமனையில் ஊசி குத்திய கையை நீட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் பெயர்களையும் நேரங்களையும் பழைய மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி, தொலைபேசியில் வாசிப்பார். ஏழாவது வாரம் பட்டியலில் முப்பத்து நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பக்கத்து மாவட்டம். புதன்கிழமை பிற்பகல்களில் டெல்ஃபின், உலகின் மிக நவீன உலாவியைச் செய்யும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அமர்ந்து, மறுபடியும் தபால் பிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையே நிறுவனம் அறுபதாம் பதிப்பைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டது. கருத்துப் பக்கத்தின் மேலே 'மகிழ்ச்சி', நடுவே 'பெருமகிழ்ச்சி', அடியில் 'அதிருப்தி'. அதிருப்தி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆஷ்க்ராஃப்ட் மூத்த துணைத் தலைவர் ஆனார்.

எட்டாவது புதன்கிழமை இரண்டு மணிக்கு, உபகரணப் பிரிவிலிருந்து கஸ் ஹால்வர்சன் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். ஓய்வுபெற ஏழு மாதம் மீதமிருந்த மனிதர். சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை வைத்திருப்பார்.

"உங்ககிட்ட ஐம்பத்தொம்பது ஓடுற மெஷின் ஒண்ணு இருக்காம், டெல்ஃபின்."

டெல்ஃபினின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் பாதி எழுதப்பட்டிருந்தது. "யார் சொன்னா?"

"மெஷினே சொல்லிடுச்சு. வலையில சேர்ந்த ஒடனே காட்டிக்கொடுத்துடும். பழைய பதிப்பு எல்லாம் பாதுகாப்புக்கு ஆபத்தாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி அழிச்சிடணும்னு மேலிடத்து உத்தரவு."

"நாலு மணி வரைக்கும் விடுங்க, கஸ். இன்னும் இருபத்து மூணு பேர் பாக்கி."

"இந்த வாரம் விட்டா அடுத்த வாரம்?" கஸ் இரக்கமில்லாமல் கேட்கவில்லை, பதில் தெரியாமல்தான் கேட்டார். அவர் திரையை எட்டிப் பார்த்தார். பெயர்களையும், எதிரே இருந்த மருத்துவமனையின் பெயரையும் படித்தார். பிறகு தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினார். "என்ன பண்றது. முறைப்படி ஒப்படைப்புப் படிவம் ஒண்ணு இருக்கு. அதை நீங்க நிரப்பி அனுப்பணும். எனக்கு ரசீது நம்பர் வரும். வந்தா எடுத்துட்டுப் போவேன்."

"எந்த மெஷின்ல நிரப்பணும்?"

"அறுபதுலதான். பழசுலேர்ந்து அனுப்பினா படிவத்தைத் தானாவே முடிச்சுவச்சுடும்."

டெல்ஃபின் தம் மேசைக் கணினியில் ஒப்படைப்புப் பக்கத்தைத் திறந்தார். வரிசை எண், அறை எண், ஒப்படைக்கும் காரணம், ஒப்படைக்கையில் ஏற்பட்ட உணர்வு. எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினார். பக்கத்தின் அடிக்குப் போனார். அங்கே இளநீலம் வெளுத்தது, கருத்தது.

கஸ் குனிந்து அதைப் பார்த்தார்.

"பட்டன் இல்ல, கஸ்."

"இருக்காது" என்றார் கஸ். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அமர்ந்து, விதைப் பொட்டலத்தைப் பிரித்து, டெல்ஃபினுக்கும் கொஞ்சம் நீட்டினார். "காலைலேர்ந்து பத்தொம்பது மேஜைக்குப் போயிட்டு வந்தேன். வண்டியப் பாருங்க, காலி."

"படிவம் இல்லாம எடுத்துட்டுப் போக மாட்டீங்களா?"

"நம்பர் இல்லாம தொட்டா அது திருட்டு. முப்பத்தோரு வருஷமா இங்க இருக்கேன், நெறிமுறைய மீறினதில்ல. இப்பவா மீறப்போறேன்?" ஒரு விதையைக் கடித்தார். "அடுத்த பதிப்புல பட்டையை ரெண்டு மடங்கு ஒசரமாக்கப்போறாங்களாம். யாருமே புகார் பண்ணலல்ல. என் ரிட்டயர்மெண்ட் வரைக்கும் தாங்கும்."

அவர் தம் குறிப்பேட்டில் டெல்ஃபினின் பெயருக்கு எதிரே 'நிலுவையில்' என்று எழுதிக்கொண்டு, காலி வண்டியைத் தள்ளியபடி இருபத்தோராவது மேசையை நோக்கிப் போனார்.

டெல்ஃபின் பழைய மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பினார். மணி இரண்டே முக்கால். பன்னிரண்டாவது பெயரின் மறுபாதியை எழுதி, அடியில் இருந்த பொத்தானை அழுத்தினார்.